ஆலங்கட்டிக் கார்

டால்பி
4 மார்ச் 2015

அன்புள்ள ட்ரெவர் அண்ணனுக்கு,

பதறாதே, உயிரோடுதான் இருக்கிறேன். போன வியாழன் பண்ணைகளில் மாடுகளின் ரத்த மாதிரி எடுத்துவிட்டுத் திரும்பும்போது கங்காரு ஒன்று குறுக்கே பாய்ந்தது. அதை ஒதுக்கப் போய் மரத்தில் மோதினேன். இடது தோளில் காறை எலும்பு முறிவு. நீ எனக்கு விற்ற கார் இனித் தேறாது.

என் பயம் வேறு. அந்தக் காரை நான் வாங்கும் முன்பே ஒருமுறை டோட்டல் லாஸ், இனி ரிப்பேருக்கு லாயக்கில்லை என்று கழித்திருக்கிறார்களாம். பதிவேட்டில் இருக்கிறது என்கிறது இன்ஷூரன்ஸ் கம்பெனி. 'முன்பு கழிக்கப்பட்ட வண்டியா?' என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். நான் 'இல்லை' என்று எழுதினேன். நீ என்ன சொன்னாய்? "ஆலங்கட்டிக் கார்தான் கேல், அங்கங்க சொட்டை, வேற ஒண்ணுமில்ல." இந்த ஊரில் பாதிப் பேர் ஆலங்கட்டி மழையில் அடிவாங்கிய காரைத்தான் மலிவாக வாங்கி ஓட்டுகிறோம். அதைக் கழித்த வண்டி என்று யார் சொல்கிறார்கள்?

பொய் எழுதினாய் என்று காசு தராமல் விட்டுவிடுவார்களோ? கார் இல்லாவிட்டால் இந்த வேலை இல்லை. ஆபீஸில் ஈஸ்டர் வரைதான் பொறுப்பார்கள். என்ன சொல்லி விற்றாய் என்று உன் கையெழுத்தில் நாலு வரி அனுப்பு, போதும்.

ஏர்பேக் ஏன் விரியவில்லை என்று வண்டியைப் பார்க்க வந்த இன்ஷூரன்ஸ் சர்வேயர் கேட்டார். எனக்கென்ன தெரியும்?

வலது கை மட்டும் உள்ள தங்கை,
கேலீன்


மாட்டுப் பண்ணை
10 மார்ச், செவ்வாய்

அன்புள்ள வாயாடிக்கு,

செவ்வாய்க்கு ஒருமுறை வரும் தபால் விமானக்காரர் காத்திருக்கிறார், அதனால் சுருக்கமாக. கங்காருவுக்கு வழி விட்டவள் மரத்துக்கும் விட்டிருக்கலாம். எலும்பு கூடிவிடும், பால் குடி.

எழுதிக் கொடுப்பதெல்லாம் வேண்டாம் கேல். "ஆமா, தெரியும், எழுத மறந்துட்டேன்" என்று சொல்லிவிடு. அவர்களுக்கும் ஆயிரம் வேலை, விட்டுவிடுவார்கள். இங்கே மாடு சேர்க்கும் காலம், மூன்று வேளையும் உப்புக்கண்டம்தான். உன் பூசணி ஸ்கோன் ரொட்டி நாலு கிடைத்தால் இரவெல்லாம் நடந்தே வருவேன்.

ட்ரெவர்


டால்பி
17 மார்ச்

அண்ணா,

தெரிந்தே மறைத்தேன் என்று நானே சொன்னால் ஒரு டாலர் கிடைக்காது. அது உனக்குத் தெரியாதா? ஏர்பேக் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே, ஏன்?

வெள்ளிக்கிழமை ஸ்டியரிங்கைக் கழற்றிப் பார்க்கப் போகிறார்கள். அதற்குள் நீ ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சொல்லிவிடு. நான் கோபப்பட மாட்டேன்.

கேலீன்


மாட்டுப் பண்ணை
24 மார்ச், செவ்வாய்

கேல்,

உன் கடிதம் இன்றைய விமானத்தில்தான் வந்தது. வெள்ளிக்கிழமை போய்விட்டது.

அது ஆலங்கட்டி இல்லை. முன்பக்கம் நசுங்கிக் கழித்த வண்டி, ஏலத்தில் எடுத்தேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், வேலை முழுக்க ஒரு ஒர்க்‌ஷாப்காரன் செய்தது. இப்போது அவன் கடையை மூடிவிட்டுப் போய்விட்டான். நான் பெயின்ட் மட்டும்தான் அடித்தேன். உள்ளே என்ன இருந்தது, என்ன இல்லை என்று எனக்குத் தெரியாது.

என் பெயரை இழுக்காதே. கோர்ட்டு, கேஸு என்று போனால் நான் தாங்க மாட்டேன். பயமாக இருக்கிறது. நமக்கு நாம் இரண்டு பேர்தானே இருக்கிறோம்.

உன் அண்ணன்


டால்பி
2 ஏப்ரல்

ட்ரெவர்,

முடிந்துவிட்டது. ஆலங்கட்டிக் கார் என்று நம்பித்தான் 'இல்லை' என்று எழுதினேன் என்றேன். அந்த சர்வேயர் பெண்ணும் நம் பக்கத்து ஆள்தான். "எங்க வீட்டுலயும் ஒரு ஆலங்கட்டிக் கார் நிக்குது, நாங்களும் அப்படித்தான் சொல்லுவோம்" என்றார். பணம் தருகிறார்கள். ஆனால் ஒருமுறை கழித்த வண்டிக்குரிய விலைதான், கேட்டதில் பாதி. பழைய கார் ஒன்று பார்த்துவிட்டேன். வேலை தப்பியது.

கூடவே ஒரு போட்டோ காட்டினார். ஸ்டியரிங்கில் ஏர்பேக் இருக்க வேண்டிய குழிக்குள், மூடி ஆடாமல் இருக்க ஒரு துணியை மடித்து அடைத்திருந்தது. தட்டு துடைக்கும் துணி. 1988ஆம் ஆண்டுக் காலண்டர் அச்சிட்டது. ஜூன் மாதக் கட்டத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டை.

அந்த ஓட்டையை நீ போட்டதற்கு அம்மா என்னைத்தான் அடித்தாள், ஞாபகம் இருக்கிறதா? நான்தான் சுட்டேன் என்று சொன்னேன். உனக்காக.

அந்த ஸ்டியரிங்கை இரண்டு வருடம் பிடித்து ஓட்டியிருக்கிறேன். நீயும் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாய், ஒரு கிறிஸ்துமஸுக்கு. அன்று என்ன பேசினோம் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்.

"இது யார் வேலைன்னு தெரிஞ்சா மீதிப் பணத்தை அவர்கிட்டயே வாங்கலாம், இந்தத் துணிய எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். வாயால் சொன்னால் போதாதாம், அதற்கும் ஒரு படிவம்.

'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதல் 'இல்லை' தெரியாமல் எழுதியது. இது தெரிந்தே எழுதியது. உனக்காக நான் எழுதும் கடைசி 'இல்லை'.

செவ்வாய்க்கிழமை விமானத்தில் இனி எனக்கு எதுவும் அனுப்பாதே.

கேலீன்