தாயத்து கழற்றின கார்

786

நவுவா
14 ஆகஸ்ட் 1966

அருமை மகள் அஸ்மாவுக்கு அம்மா ஸலாம் சொல்லி எழுதுறது. ஆண்டவன் காவல்ல நானும் உன் அத்தாவும் இங்கே குறையில்லாம இருக்கோம், ஆக்லாந்து குளிருல நீயும் மருமகன் அலியும் கம்பளியும் கஞ்சியுமா சுகமா இருக்கணும். தலைப்புல பிஸ்மிக்குப் பதிலா 786 போடறதுக்கு ஆதாரம் எதுவும் கிடையாதுன்னு உன் அத்தா என் தோளுக்குப் பின்னாடி நின்னு சொல்றார், போட்டாச்சு, இனி அழிச்சா காகிதம் கிழியும்னு சொல்லிட்டேன். மழை விட்டபாடில்லை, ஆத்துத் தண்ணி தலோக் கிழங்குப் பாத்தி வரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு, கோழிங்க எல்லாம் பத்திரம். இந்தக் கடுதாசியை மருமகனுக்குச் சொல்லணும்னா இந்தியிலயே சொல்லு, ஆனா அவங்க அம்மா பேர் வர்ற இடத்தை எல்லாம் தாண்டிப் போயிடு. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தெரியாதது இந்த ஒரு விஷயத்துல நல்லதாப் போச்சு.

பிரசவத்துக்கு நவுவா வர வேணாம், பிளேன் இறங்குற நாந்தியிலயே எங்க வீட்டுல இருந்துடுன்னு உன் மாமியார் ஸைரா ஏன் எழுதினாங்கன்னு கேட்டிருந்தே. எல்லாத்துக்கும் காரணம் நம்ம பச்சைக் கார்தான். போன மாசம் சிங்கடோகாவுல ஒரு கல்யாணம், நாந்தி போய் சம்பந்தி அம்மாவையும் ஏத்திக்கிட்டு மரியாதையாக் கூட்டிட்டுப் போவோம்னு உன் அத்தா ஆசைப்பட்டார். வண்டி முப்பத்தஞ்சு மைலைத் தொட்டதும் அடியில இருந்து ஒரு ஆட்டம் கிளம்புச்சு பாரு, சீட்டு ஆடுது, கண்ணாடி ஆடுது, எங்க ரெண்டு பேர் கன்னமும் ஆடுது. சம்பந்தியோட வெத்தலைப் பெட்டி திறந்து சுண்ணாம்பு அத்தனையும் அவங்க பட்டுத் துணியில, விழாம இருக்க அவங்க பிடிச்சது என் தொடையை, இன்னும் அந்த இடம் கன்னிப்போய் இருக்கு. மெதுவாப் போங்கன்னு நான் சொன்னா, வேகமாப் போனா இந்த ஆட்டத்தைத் தாண்டிடலாம்னு உன் அத்தா இன்னும் மிதிக்கிறார். இறங்கினதும் சம்பந்தி கல்யாணப் பந்தல்ல எல்லாரும் கேக்கச் சொன்னாங்க, ஏழு மாசப் பிள்ளைத்தாச்சியை இந்த வண்டியில நவுவா வரைக்கும் ஏத்தினா வயித்துல தயிரா இருக்கிறது மோராத்தான் போய்ச் சேரும், என் மருமகளை நான் ஏத்தி அனுப்ப மாட்டேன்னு. நல்லா ஓடுற வேற வண்டியை வாடகைக்குப் பிடிக்கலாமேன்னு நான் கேட்டதுக்கு, என் மகளை நான் இன்னொருத்தன் வண்டியில கூட்டி வரணுமான்னு உன் அத்தா பொரிஞ்சு தள்ளிட்டார். எனக்கு இருக்கிறது நீ ஒருத்தி. தலைப்பிரசவத்துக்கு நீ உன் அம்மா வீட்டுக்கு வராம, நான் நாந்தியில சம்பந்தி வீட்டு வாசல்ல விருந்தாளி மாதிரி உக்காந்து பிள்ளை அழற சத்தத்தைக் கேக்கணுமான்னு நினைச்சு அடுப்படியில அழுதுட்டேன். உன்கிட்ட சொல்றதுக்கு என்ன வெக்கம்.

வண்டி ஏன் ஆடுச்சுன்னு இப்போ சொல்றேன், சிரிக்காதே. அந்தக் காரை நமக்கு வித்தது எங்க அண்ணன் ஹபீஸ் மாமாதானே. அவர் வச்சிருந்தப்போ ஒரு தடவை ரோட்டுக் கல்லுல அடி வாங்கி, அன்னைக்கும் இப்படித்தான் ஆடியிருக்கு. அவர் நாந்தியில ஒரு பெரியவர்கிட்ட தாயத்து வாங்கி, அதை ஈயக் குழாயில அடைச்சு, குழாயை ஒரு இரும்புப் பட்டையில சேத்து, வண்டிக்கு அடியில இஞ்சினுக்கும் பின் அச்சுக்கும் நடுவுல நீளமா ஓடுதே ஷாஃப்ட்டு, சக்கரத்தைச் சுத்தி விடுறது அதுதான், அதுல மாட்டினார். முதல்ல மாட்டின இடத்துல தாயத்து ஏத்துக்கலையாம், கொஞ்சம் திருப்பினாராம், அப்பவும் ஏத்துக்கலை, இன்னும் கொஞ்சம் திருப்பி மாட்டினதும் ஏத்துக்கிச்சாம், ஆட்டம் நின்னு போச்சாம். அங்கேயே ரிவிட் அடிச்சு விட்டுட்டார். நமக்கு வந்த பிறகும் இத்தனை வருஷம் ஒரு குறையும் இல்லை. இந்த வருஷம் உன் அத்தா பள்ளிவாசல் சங்கத்துல காரியதரிசி ஆனாரா, ஆன கையோட ஒரு வெள்ளிக்கிழமை தாயத்துக்கு எதிரா ஒரு பிரசங்கம். பிள்ளை இடுப்புல கட்டறவன், மாட்டுக் கழுத்துல கட்டறவன், ஒருத்தரையும் விடலை. கடைசியில பின் வரிசையில இருந்து யாரோ எழுந்து, காரியதரிசி வண்டிக்கு அடியில கட்டியிருக்கிறது என்னன்னு கேட்டுட்டான். கூட்டம் முழுக்கச் சிரிப்பு. வீட்டுக்கு வந்தவர் பிரசங்கம் பண்ணின வெள்ளைச் சட்டையோடவே வண்டிக்கு அடியில படுத்து, உளியால அந்த ரிவிட்டை வெட்டிக் கழட்டிட்டார். உள்ளே குர்ஆன் ஆயத்து இருக்கே, தூக்கி எறிய மனசு வருமா, துணியில சுத்தி அலமாரி மேல வச்சுட்டார். மறுநாள்தான் அந்தக் கல்யாணப் பயணம், ஆட்டம் ஆரம்பிச்சுது.

நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், தாயத்தைக் கழட்டினதாலதான்னு. அதுக்கு ஆண்டவனுக்கு இணை வைக்கிற ஷிர்க்குலேந்து ஆரம்பிச்சு ஒரு முழுப் பிரசங்கம் எனக்கு மட்டும் தனியா நடந்தது. பிறகு டயரை எல்லாம் முன்னுக்குப் பின்னா மாத்தினார், ஆடுச்சு. நான் இடது பக்கமா உக்காருறதாலதான் வண்டி சாயுதுன்னு என்னை வலது பக்கம் உக்கார வச்சார், ஆடுச்சு, நடுவுல வச்சார், ஆடுச்சு. கடைசியில என்னை வீட்டுல விட்டுட்டு என் இடத்துல அரிசி மூட்டையை வச்சு ஓட்டிப் பாத்தார். அரிசிக்கும் அதே ஆட்டம்தான்னு தெரிஞ்ச பிறகுதான் என் பேர்ல இருந்த பழி தீர்ந்தது. அப்புறம்தான் பாலத்துக்குப் பக்கத்துல கராஜ் வச்சிருக்கிற எர்னஸ்ட்டைக் கூப்பிட்டார். உனக்குத்தான் தெரியுமே, சர்ச்சுல பாடற அதே குரல்ல கராஜ்லயும் பேசுவார். வந்ததும் வராததுமா இஞ்சினைத் தாங்குற ரப்பர் போச்சுன்னு அடிச்சுச் சொல்லி ரப்பரை மாத்தினார், ஆட்டம் போகலை. ரப்பர்னு நான் சொல்லவே இல்லைன்னு அடுத்த நாள் சாதிச்சார். அப்புறம் இறக்கத்துல வண்டியை வேகமா விட்டு நியூட்ரல்ல போட்டுப் பாத்தார், இஞ்சின் சும்மா முனகுது, ஆட்டம் மட்டும் அப்படியே இருக்கு, அப்போ இஞ்சின் இல்லைன்னு தள்ளினார். அடுத்தது சக்கரமா இல்லையான்னு பாக்கணும்னு நம்ம வாசல்லயே வண்டியோட பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டை மேல நிறுத்தி, பின் சக்கரம் ரெண்டையும் கழட்டிட்டு, உன் அத்தாவை உள்ளே உக்கார வச்சு கியர் போட்டு மிதிக்கச் சொன்னார். சரியா ஊரே ஜும்ஆத் தொழுகைக்குப் போற நேரம். சக்கரம் இல்லாத வண்டியில தொப்பியோட உக்காந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு மும்முரமா மிதிக்கிற காரியதரிசிக்குப் போறவங்க வர்றவங்க எல்லாரும் ஸலாம் சொல்லி, எந்த ஊருக்குப் பயணம்னு விசாரிச்சுட்டுப் போறாங்க. இவரும் பதில் ஸலாம் சொல்லிக்கிட்டே ஆடறார்.

சக்கரம் இல்லாமலே ஆடுதுன்னா இனி மிச்சம் ஷாஃப்ட்டுதான்னு எர்னஸ்ட் அடியில போனார். ரெண்டு முனையிலயும் இருக்கிற ஜாயிண்ட்டை ஆட்டிப் பாத்தார், தேய்மானம் இல்லை, கெட்டியா இருக்கு. ஷாஃப்ட்டுல ஒரு இடம் நசுங்கி இருந்துச்சாம். நசுங்கினா ஒரு பக்கம் பாரம் தூக்கிடும், எதிர்ப் பாரம் கொடுத்தா சரியாயிடும்னு சொல்லி, தண்ணிக் குழாயை இறுக்குற கிளிப் ஒண்ணை ஷாஃப்ட்டைச் சுத்தி மாட்டி, சாக்பீஸால கோடு போட்டு, ஒரு கோட்டுல வச்சு ஓட்டறது, நிறுத்தறது, அடுத்த கோட்டுக்குத் திருப்பறது, மறுபடி ஓட்டறதுன்னு பாத்துக்கிட்டே வந்தார். ஒரு இடத்துல ஆட்டம் கூடுச்சு, எதிர்ப்பக்கம் திருப்பினதும் பாதியாக் குறைஞ்சுது. அங்கே விரலால தடவிப் பாத்துட்டு, இந்த இடத்துல மட்டும் பட்டை அகலத்துக்குத் துரு இல்லாம சுத்தமா இருக்கே, முன்னாடி இங்கே என்ன இருந்துச்சுன்னு உள்ளே இருந்து கத்திக் கேட்டார். உன் அத்தா தொப்பியைக் கழட்டித் தூசி தட்ட ஆரம்பிச்சார். நான் அரிசியில கல்லு பொறுக்கிக்கிட்டே சுவரைப் பாத்துத் திரும்பிக்கிட்டேன், சிரிப்பை அடக்கி வயிறு வலிச்சதுதான் மிச்சம்.

புது ஷாஃப்ட்டு கப்பல்ல வரணும், அது வர்றதுக்குள்ள உன் பிள்ளை நடந்துடும். கிளிப்போடவே ஓடட்டும்னு பாத்தா ஆத்தங்கரை ரோட்டுல முதல் பள்ளத்துலயே பிச்சுக்கிட்டுப் போய் வண்டித் தரையில டமார்னு அடிச்சுது, வெடிதான் வச்சுட்டாங்கன்னு நினைச்சேன். பழைய மாதிரி கெட்டிப் பட்டையும் ஈயமும்தான் வேணும், அதை அடிச்ச ஆளே வந்தா நல்லதுன்னு எர்னஸ்ட் சொல்லிட்டார். உன் அத்தா ரெண்டு வேளை சோத்தைப் பிசைஞ்சுட்டு அப்படியே எழுந்து போனார். பிறகு தபாலாபீசுக்குப் போய் நாந்தியில இருக்கிற மச்சானுக்கு, தன் பேர்கூடப் போடாம, உடனே வரவும்னு தந்தி கொடுத்துட்டார். தந்தின்னாலே யாரோ போயிட்டாங்கன்னுதானே அர்த்தம், எங்க அண்ணனும் அண்ணியும் பஸ்ஸுல இருந்து அழுதுக்கிட்டே இறங்குறாங்க, போயிட்டார்னு நினைச்ச உன் அத்தாவே எதிர்ல நிக்கிறதைப் பாத்து அண்ணிக்கு மயக்கமே வந்துடுச்சு. எல்லாம் தெளிஞ்ச பிறகு மச்சான் ரெண்டு பேரும் ஒண்ணா வண்டிக்கு அடியில படுத்தாங்க. வெளியில நாலு கால் மட்டும் தெரியுது, உள்ளே இருந்து சண்டை கேக்குது. பாதையோட சேறும் சாணியும் அடிக்கிற இடத்துல இறைவசனத்தைக் கட்டி வைப்பியான்னு உன் அத்தா கேட்டது எங்க அண்ணனுக்கும் நியாயமாப் பட்டுது, அதனால காகிதத்தை எடுத்து மரியாதையா குர்ஆனோட வச்சுட்டு வெறும் ஈயக் குழாயை மாட்டுறதுன்னு முடிவாச்சு. எங்க அண்ணன் ரிவிட் அடிக்கும்போது ஓத ஆரம்பிச்சார். ஓதிக்கோ, ஆனா ஊதாதேன்னார் உன் அத்தா. ஊதினாரா இல்லையான்னு அந்த இருட்டுல யாருக்குத் தெரியும். ஆட்டம் சுத்தமா நின்னு போச்சு. எதிர்ப் பாரம்னு உன் அத்தா ஊரெல்லாம் சொல்றார், தாயத்து இருந்த குழாயாச்சே, அந்த அருள், பரக்கத்து எங்கே போகும்னு எங்க அண்ணன் சொல்றார், என் கிளிப்புதான் இடத்தைக் காட்டுச்சுன்னு எர்னஸ்ட் சொல்றார். எனக்கு என் மகள் வந்தாப் போதும், பேரை யார் வேணா எடுத்துக்கட்டும்.

அண்ணனையும் அண்ணியையும் நாந்தியில கொண்டு விடுற சாக்குல நேரா சம்பந்தி வீட்டுக்கே போனோம். ஏற மாட்டேன்னு சம்பந்தி ரொம்ப நேரம் பிடிவாதம், வெத்தலைப் பெட்டியை வீட்டுல பூட்டி வச்சுட்டு வந்துதான் ஏறினாங்க. ஏர்போர்ட் ரோட்டுல உன் அத்தா நாப்பதைத் தொட்டார், நான் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துல திரும்பிப் பாக்குறேன், சம்பந்தி என் தோள்ல சாஞ்சு வாயைத் திறந்து குறட்டை விடறாங்க. எழுந்ததும் கண் மூடி யோசிச்சுக்கிட்டு இருந்தேன்னு சொன்னாங்க. யோசிச்சு முடிவும் சொன்னாங்க, மருமகள் நவுவா போகலாம், ஆனா நானும் கூட வந்து நாப்பது நாள் இருப்பேன்னு. நான் சந்தோஷம்னு சொல்லிட்டேன், அந்த நிமிஷம் அவங்க ஊரையே கூட்டி வர்றேன்னு சொல்லியிருந்தாலும் சந்தோஷம்னுதான் சொல்லியிருப்பேன். மெத்தை வாங்கியாச்சு.

ஒண்ணு சொல்றேன், உன் அத்தாவுக்குத் தெரிய வேணாம். வண்டி சரியான பிறகும் ரெண்டு தடவை தனியா நாந்தி வரைக்கும் போய் வந்துட்டார். எதுக்குன்னு கேட்டா, எந்தப் பள்ளம் எந்தப் பக்கம் இருக்குன்னு பாடம் பண்ணிக்கிறாராம். சில கல்லை இறங்கிப் புரட்டியும் போட்டிருக்கார். உனக்குப் பாசமா நாலு வார்த்தை எழுதச் சொன்னா அவருக்கு வராது, அதனால நான் எழுதறேன்.

ஆண்டவன் உனக்கும் உன் வயித்துல இருக்கிறதுக்கும் நீண்ட ஹயாத்தும் சுகப்பிரசவமும் தரணும், மருமகனுக்கு எங்க துஆ. பிளேன்ல எழுந்து எழுந்து நட, கால் வீங்கும். மறக்காம ஒண்ணு செய். வண்டியில வரும்போது பிள்ளை உள்ளே புரண்டு நீ ஆன்னு சொன்னாலோ சீட்டைப் பிடிச்சாலோ, அது பிள்ளைதான் அத்தா, வண்டி இல்லைன்னு உடனே சொல்லிடு. இல்லைன்னா அந்த இடத்துலயே நிறுத்தி, நல்ல சட்டையோட அடியில போய்ப் படுத்துடுவார்.

வழி மேல கண்ணா இருக்கிற
உன் அம்மா
சபூரா