பதினான்காம் பக்கத்தில் அப்பா

மே 4

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ் கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே நின்றீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு மாதப் பயிற்சிக்குத்தானே வந்திருக்கிறேன்! போனில் நான் பேசுவது உங்களுக்குக் கேட்காது என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன். கண்ணாடி தேடச் சோம்பல்படும் அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள், எதையும் விழுங்காமல்.

இந்தத் தொண்டு நிறுவனம் நான் நினைத்த மாதிரி பெரிய கட்டடம் இல்லை. கீழே அரிசி மூட்டைகளும் தையல் வகுப்பும். மேலே அலுவலகம். மொட்டைமாடியில் ஒற்றை அறை, அதில் நாங்கள் மூன்று பயிற்சி மாணவிகள். காலை எட்டரைக்கு எல்லோரும் சேர்ந்து ஜெபம். ஒன்பது மணிக்கு இயக்குநர் அம்மாவே முந்தானையைச் செருகிக்கொண்டு மூட்டை தூக்க வந்துவிடுகிறார். அவருக்குத் தலை முழுக்க நரை. அவர் தூக்கும்போது நாங்கள் எப்படிச் சும்மா நிற்பது?

வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பதுதான் என் வேலை. படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள். "வீட்டில் எத்தனை ஜன்னல்?" என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். "ஜன்னலா? கதவே போன வருஷம்தாம்மா வெச்சோம்" என்று சிரித்தார். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் சிட்டு

மே 11

அன்புள்ள சிட்டுக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு இரண்டு தடவை படித்தேன். மூட்டை தூக்குகிறாய் என்றதும், "இங்க ஒரு குடம் தண்ணி தூக்கச் சொன்னா முதுகு வலிக்கும் மகாராணிக்கு" என்றாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடையில் ரிப்பேர் வேலைக்குக் குறைவில்லை. நேற்று மட்டும் ஆறு கேஸ் அடுப்பு. எல்லாம் தேய்க்காமலே கொண்டுவருகிறார்கள்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஜன்னலைப் பற்றிக் கேட்டாய், சரி. அதற்குமேல் யார் வாழ்க்கையையும் தோண்டித் துருவாதே. அங்கே வருடா வருடம் ஒரு புத்தகம் போடுவார்கள். அதில் யாரைப் பற்றியாவது எழுதச் சொன்னால், எனக்கு வராது என்று சொல்லிவிடு. காரணம் கேட்காதே.

உன் அப்பா

மே 23

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுதியதிலிருந்து மனசு சரியில்லை. உங்களிடம்தான் சொல்ல முடியும்.

இங்கே ஒரு இஸ்திரி அக்கா இருக்கிறார். பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்யப் போன கணவர் மின்சாரம் தாக்கி இறந்துவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். நிறுவனம்தான் இஸ்திரிப் பெட்டி வாங்கிக் கொடுத்தது. ஒரு குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே நின்று தேய்க்கிறார். நன்கொடை கொடுப்பவர்களுக்கு அனுப்பும் புத்தகத்தில் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள்.

எங்கள் பொறுப்பாளர் அக்கா நல்லவர்தான். படித்துவிட்டு, "எல்லாம் சரி. ஆனா புருஷன் சும்மா ஷாக் அடிச்சுச் செத்தார்னா யாருக்கும்மா மனசு இறங்கும்? குடிச்சிருப்பாரு. இந்தத் தெருவுல குடிக்காதவங்க யாரு?" என்றார். ஒரு வரிதானே என்று நானும் சேர்த்துவிட்டேன்.

அந்த அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் நேற்று நானே போய்ப் படித்துக் காட்டினேன். தேய்த்துக்கொண்டே கேட்டவர், "ஐயோ பாவம், யாரும்மா இந்தப் பொண்ணு? நம்ம தெருவா? அதுக்கு நம்ம ஆபீஸ்ல ஏதாவது பண்ணக்கூடாதா?" என்றார்.

"நீங்கதான்க்கா" என்றேன்.

பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டாரேம்மா. யார்கிட்ட கேட்ட?"

கோபமே இல்லை, அப்பா. வழி கேட்பதுபோலத்தான் கேட்டார். "எனக்குத்தான் படிக்கத் தெரியாது. எம்புள்ளைங்க படிப்பாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார்.

அச்சுக்குப் போக இரண்டு வாரம் இருக்கிறது. பொறுப்பாளர் அக்காவை எதிர்த்துப் பேசினால் என் சான்றிதழ் என்ன ஆகுமோ தெரியவில்லை. என்ன செய்யட்டும்?

உங்கள் சிட்டு

மே 29

அன்புள்ள சிட்டுக்கு,

இதை உன்னிடம் சொல்லாமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்று இருந்தேன்.

தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்து என் காது போனது உனக்குத் தெரியும். அப்போது உனக்கு இரண்டு வயது. காதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆறு மாதம் எனக்கு நேராக நிற்க முடியவில்லை. எழுந்தால் தலை சுற்றும், சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடப்பேன். வேலை போயிற்று. அந்த நேரம் பார்த்து உன் அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை. நீ இப்போது இருக்கிறாயே, அதே நிறுவனம்தான் வந்தது. ஐந்து மாதம் அரிசி பருப்பு கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவையும் அவர்களே பார்த்தார்கள். அதை நான் மறக்கவில்லை. மறந்தால் சாப்பிட்ட சோறு செரிக்காது.

ஒரு நாள் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு பெண் வந்தாள். இவனுக்கு எங்கே கேட்கப் போகிறது என்று என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மாவிடம் ஏதோ பேசினாள், நம் மூவரையும் படம் எடுத்தாள், போனாள். புத்தகம் வந்தது. பதினான்காம் பக்கம். குடியால் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியவன் மனம் திருந்தினான் என்று போட்டிருந்தது. சொட்டுக்கூடத் தொடாதவன் நான்.

உன் தாய்மாமா அதைப் படித்துவிட்டு உன்னையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனார். மூன்று மாதம் கழித்து அம்மாவாகத்தான் திரும்பி வந்தாள். இன்றைக்கும் உன் மாமா என்னைக் கட்டிப்பிடிக்கும்போது மூச்சை முகர்ந்து பார்ப்பார். அவருக்கே தெரியாமல் செய்கிறார் என்று நினைக்கிறேன்.

ஒரு வரிதானே என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பத்தொன்பது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், சிட்டு.

நீ அங்கே போக வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சோறு போட்ட இடத்தைக் குறை சொல்லக் கூடாது என்று விழுங்கிவிட்டேன். என்ன செய்வது என்று கேட்டாய். உனக்கே தெரியும்.

உன் அப்பா

ஜூன் 6

என் அப்பாவுக்கு,

மாடிப்படியில் உட்கார்ந்துதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். பிறகு பழைய புத்தகங்கள் இருக்கும் அலமாரியைத் திறந்தேன். கிடைத்தது. அம்மா மடியில் நான் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறேன். நீங்கள் குனிந்திருக்கிறீர்கள்.

அந்தப் பக்கத்தை இயக்குநர் அம்மாவின் மேசையில் வைத்து, "இவர் என் அப்பா. இவர் குடிச்சதே இல்ல" என்றேன். அவர் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இதை எழுதினது நான்தாம்மா" என்றார். "அப்பதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். உங்கப்பா தள்ளாடிக்கிட்டே உள்ள வந்தாரு. வாடை வந்துச்சான்னு கேட்டா, வரல. ஆனா எழுதிட்டேன். உங்கம்மாகிட்டகூடக் கேக்கல."

பொறுப்பாளர் அக்காவைக் கூப்பிட்டார். யாரைப் பற்றி எழுதினாலும் அவர்களிடம் படித்துக் காட்டி, சரி என்று அவர்கள் சொன்ன பிறகுதான் அச்சு என்று சொல்லிவிட்டார். பொறுப்பாளர் அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே என்னோடு இஸ்திரி அக்காவிடம் வந்தார்.

இந்தத் தடவை அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். மணிக்கு இருபது சட்டை தேய்ப்பதைக் கட்டாயம் போடச் சொன்னார். கணவர் அடுத்த வீட்டுக்கு உதவப் போய் இறந்தார் என்ற இடத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

இயக்குநர் அம்மா உங்களைப் பார்க்க வர வேண்டும் என்கிறார். நீங்கள் சரி என்றால் மட்டும்.

மாமா மூச்சை முகர்வதைப் பார்த்து, எத்தனை தடவை அவரோடு சேர்ந்துகொண்டு உங்களைக் கேலி செய்திருப்பேன்! மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சிட்டு

ஜூன் 10

அன்புள்ள சிட்டுக்கு,

நீ செய்தது சரி. அந்த இஸ்திரிக்காரம்மாவிடம் நான் நலம் கேட்டதாகச் சொல்.

இயக்குநர் வர வேண்டாம். ஆறிய புண். கிளறி என்ன ஆகப்போகிறது?

உன் அப்பா

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவது நான்தான். அவர் கிடக்கிறார், அந்த அம்மாவை வரச் சொல். ஆறவில்லை என்று எனக்குத் தெரியும். — அம்மா.

ஜூன் 21

அன்புள்ள சிட்டுக்கு,

அம்மாவும் நீயும் சேர்ந்து செய்த சதி நேற்று பஸ்ஸில் வந்து இறங்கியது.

ஒரு அடுப்பைக் கவிழ்த்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தேன். நரைத்த தலையோடு ஒரு அம்மா வந்து நின்று ஏதோ சொன்னார். "கேக்கல" என்றேன். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். "கேக்கலம்மா, அடுப்பா, குக்கரா?" என்றேன். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, நடுத்தெருவில் நின்று கத்தினார்: "நீங்க குடிக்கல! குடிச்சீங்கன்னு நான் தப்பா எழுதிட்டேன்! என்னை மன்னிச்சிருங்க!"

எதிர்க்கடை முடிதிருத்துபவர் கத்தரிக்கோலை அந்தரத்தில் நிறுத்திவிட்டார். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா உள்ளிருந்து ஓடிவந்தாள். வந்தவரை உட்காரச் சொல்வாள் என்று பார்த்தால், "எங்கண்ணன் வீடு ரெண்டு தெரு தள்ளிதான். அங்கயும் வந்து இதே சத்தத்துல சொல்லிட்டுப் போங்க" என்கிறாள்!

அவரும் போனார். நாங்கள் பின்னாலேயே போனோம். உன் மாமாவுக்குக் காது நன்றாகவே கேட்கும், ஆனாலும் சத்தமாகத்தான் சொன்னார். மாமா எழுந்தார். பிறகு என் காதருகே வந்து, "நானும் உங்கள ஒரு வார்த்தை கேக்கலயே மாப்ள" என்றார்.

பத்தொன்பது வருடமாக இந்த நாளை மனதுக்குள் எத்தனையோ விதமாக நடத்திப் பார்த்திருக்கிறேன். அதிலெல்லாம் நான் நறுக்கென்று நாலு கேள்வி கேட்பேன். நேற்று ஒன்றுகூட வாயில் வரவில்லை. திரும்பி வந்தபோது அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். அம்மா சோறு போட்டாள். சாப்பிடும்போது, "அப்ப தலை எப்படிச் சுத்தும்? இப்பவும் இருக்கா?" என்று கேட்டார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டுப் புத்தகம் எதுவும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

புதிய புத்தகத்தில் திருத்தம் போடட்டுமா என்றார். வேண்டாம், கேட்க வேண்டியவர்கள் கேட்டுவிட்டார்கள் என்றேன்.

நீ அவசரப்பட்டுக் கிளம்பி வராதே. மிச்சம் இருக்கிற நாட்களையும் முழுதாக இருந்து முடி.

மாலை பஸ்ஸுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். பஸ் நகர்ந்ததும் அந்த அம்மா ஜன்னல் வழியாகக் கை காட்டினார். காட்ட வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, சிட்டு. என் கை தானாக எழுந்துவிட்டது.

உன் அப்பா