வாயால் சொன்ன பெயர்

மெல்போர்ன்

ஏனுங்க மாமா, வணக்கம். முட்டிவலி தேவலையா? இங்கே மகள் வீட்டில் அனைவரும் சுகம்.

என் பென்ஷனுக்காக, உயிரோடு இருக்கிறேன் என்று சான்று வாங்க நேற்று இங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போனேன். அதிகாரி தமிழ்ப் பெண். "வீட்டுக்காரர் பேர் சொல்லுங்கம்மா" என்றாள். முப்பத்தாறு வருடத்தில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறேனே தவிர, வாயால் சொன்னதில்லையே! திருச்செங்கோட்டுக் கருவூலத்தில் கேட்டால், பக்கத்தில் நின்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். மகளும் வெளியே இருந்தாள்.

"எழுதித் தாரேனுங்க" என்றேன்.

"வாயாலதான் சொல்லணும்மா."

சொல்லிவிட்டேன். கோபிக்காதீர்கள்.

சான்றை இதோடு வைத்திருக்கிறேன், கருவூலத்தில் கொடுத்துவிடுங்கள். தலைக்குத் தேய்க்க அரப்புத்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். பேத்தி எழுந்துவிட்டாள், முடிக்கிறேன்.

உங்கள் பெயரைச் சொன்னதும், "ஏம்புள்ள?" என்று கேட்பீர்களோ என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன், மாமா.

கமலவேணி