ஒத்திலியா கேட்ட நிறம்

ஏப்ரல் 14

ஒத்திலியா வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. என் கணவர் ஃபெர்மினின் தங்கை. இருபத்திரண்டு வருடம் புவெப்லா நகரத்தில் கன்னியர் மடத்தில் இருந்தவள். திரும்பி வருகிறாளா இல்லையா என்று ஜூன் முடிவதற்குள் மடத்துக்கு எழுதியாக வேண்டும். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "உங்க இஷ்டம் அண்ணி." முட்டையா பீன்ஸா என்றால்கூட! எனக்குத் தலை வெடிக்கிறது.

ஏப்ரல் 17

அவள் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். "நிறத்த நீயே சொல்லு" என்று சுவரில் ஐந்து நிறம் தீட்டிக் காட்டினேன்.

ஏப்ரல் 18

இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 21

சொல்லிவிட்டாள்! சாம்பல் கலந்த கத்தரிப்பூ நிறம். கிண்ணத்தில் மிஞ்சியதை வழித்து நான் கடைசியாகத் தீட்டியது. விரலை வைத்து, "இது" என்றாள். ஃபெர்மின் சும்மா இருப்பாரா? "தவக்காலத்துல சிலைய மூடுற துணி மாதிரி இருக்கு. மடத்த விட்டு வந்தும் மடமா?" அவள் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அவர் தட்டில் மிளகாய்ச் சாந்து ஒரு கரண்டி கூடவே போட்டேன். குடிக்கட்டும் தண்ணீர்.

ஏப்ரல் 25

சுண்ணாம்பு ஒட்டிப் பிடிக்கக் கள்ளிச் சாறு விட்டு, நிறப்பொடி கலந்து, ஒரு சுவர் முடித்தேன். தள்ளி நின்று பார்த்தால் — ஐயோ, பீட்ரூட்ட மென்னு துப்புன மாதிரி! ஈரத்தில் அடர்த்தியாகத்தான் தெரியும். முப்பது வருடமாக இந்த வீட்டுக்கு நானே அடிக்கிறேன், தெரியாதா எனக்கு? இருந்தும் பயந்துவிட்டேன். வெள்ளைச் சுண்ணாம்பு வாளியைத் தூக்கினேன்.

"அத ஊத்தாதீங்க."

ஒத்திலியாதான். குரலை உயர்த்தவில்லை. வாளியை என் கையிலிருந்து வாங்கி முற்றத்தில் வைத்தாள். "காயட்டும் அண்ணி. நான் கேட்டது இதுதான்."

இவளுக்கு மறுத்துப் பேசத் தெரிகிறது!

ஏப்ரல் 26

காய்ந்துவிட்டது. எப்படி எழுதுவேன்? காலையில் சாம்பல், மதிய வெயிலில் லேசாக ரோஜா, விளக்குப் போட்டால் புகை படிந்த திராட்சை. அந்தப் பழைய இரும்புக் கட்டில்கூட அழகாகிவிட்டது. நானாக இருந்தால் வெள்ளையடித்திருப்பேன். ஃபெர்மின் எதையோ தேடுவதுபோல் இரண்டு தடவை உள்ளே போய் நின்றுவிட்டு வந்தார். "ம், பரவாயில்ல." அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

மே 9

சந்தையில் கடுகு மஞ்சளில் திரைத்துணி வாங்கி வந்திருக்கிறாள். என்னைக் கேட்கவே இல்லை. அந்த ஊதாவோடு சேராது என்று நினைத்தேன். அப்படிச் சேருகிறது! என்ன கண் இவளுக்கு.

மே 30

மடத்துத் தலைமைத் தாயார் வந்திருந்தார். "ரொம்ப அமைதியா இருக்கு ரூமு" என்று மெச்சினார். கிளம்பும்போது, "அங்க உன் இடம் காலியாத்தான் இருக்கு மகளே" என்றார். ஒத்திலியா அவர் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனாள்.

போயிடுவாளோ? அவளுடைய முடிவு, நான் யார் சொல்ல — இல்ல, போகக் கூடாது. கடவுளே, அவ போகக் கூடாது.

ஜூன் 22

சூடாகச் சாக்லேட் கொண்டுபோனேன். அறை உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன்.

"யாரது?"

"நான்தான்."

"கொஞ்சம் இருங்க அண்ணி. மடத்துக்கு எழுதிட்டிருக்கேன். வரலன்னு எழுதியாச்சு. நன்றி சொல்றதுதான் நீண்டுட்டே போகுது."

என் வீட்டில் என்னையே வெளியில் நிறுத்திவைத்துவிட்டாள். சாக்லேட் ஆறிப்போகும்வரை நின்றேன்.