நண்டு உடைக்கிற கைக்கு நகப்பூச்சு

நேற்று யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பான்சிக் கடைக்கு நகப்பூச்சு வாங்கப் போனேன். சிவப்பு நிறம் கேட்டேன். கடையில் நின்ற பெண் நாலைந்து போத்தல்களை எடுத்து வைத்துவிட்டு என் கைகளைப் பார்த்தாள். பெருவிரலின் வெட்டுத் தழும்பையும் சுட்டுவிரலில் கோணலாக வளர்ந்த நகத்தையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"மகளுக்கோ அக்கா?"

"இல்லை. எனக்குத்தான்."

அவள் சிரிக்கவில்லை, ஆனால் கண் இன்னொரு முறை என் விரல்களுக்குப் போய் வந்தது. ஒரு போத்தலின் மூடியைத் திறந்தேன். அந்தக் காரமான மணம் மூக்கில் ஏறியதும் உன் வீட்டு முன்னறையும் மூன்று பிளாஸ்டிக் கதிரைகளும் மடியில் துவாயை விரித்துக்கொண்டு நீ இருந்த இருப்பும் வந்துவிட்டன. கடைக்காரப் பெண் விலை சொன்னது கூட எனக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை கேட்டு, காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நீ இறந்து ஒரு வருடம். இன்று காலை உன் ஓராண்டுத் திருப்பலி. பத்து விரலிலும் சிவப்புப் பூசிக்கொண்டுதான் கோயிலுக்குப் போனேன். உன் அக்கா பார்த்தா. சொல்ல வேண்டியதெல்லாம் போன வருடமே எங்களுக்குள் சொல்லி முடிந்துவிட்டது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கிழமையில் நண்டுக் கம்பனிக்கு வேலைக்குப் போனோம், நினைவிருக்கிறதா? குருநகரில் பாதிப் பெண்கள் அங்கேதான். அவித்த நண்டை உடைத்து, கோதுக்குள் இருந்து சதையைச் சிதறாமல் எடுக்க வேண்டும். காலை ஏழரைக்குத் தொடங்கினால் பின்னேரம் வரைக்கும் கை ஈரம்தான். உப்பும் நண்டுச் சாறும் ஊறி நகம் மெழுகு மாதிரி மெதுமையாகிவிடும். கோதின் முள் ஒன்று நகக்கண்ணில் ஏறினால் அடுத்த நாள் விரல் சிவக்கும், அதற்கடுத்த நாள் வீங்கும், பிறகு நகத்தைச் சுற்றிச் சீழ் வைக்கும். நகச்சுற்று வராத விரல் எங்களில் ஒருத்திக்கும் இல்லை.

அதனால் நாங்கள் கையை மறைக்கப் பழகினோம். கோயிலில் நற்கருணை வாங்கும்போது, கலியாண வீட்டில் பலகாரத் தட்டு நீட்டும்போது, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் கையெழுத்து வைக்கும்போது. நான் கைலேஞ்சித் துணியை விரல்களில் சுற்றிக்கொண்டு திரிந்தவள். நீ ஒருநாளும் மறைக்கவில்லை. "என்னத்துக்கு மறைக்கிறாய்? களவெடுத்த கையே?" என்று பஸ்ஸுக்குள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாய். எனக்கு அன்று உன்மேல் சரியான கோபம்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, சமையலும் முடிந்த பிறகு உன் வீட்டில் கூடுவது எப்படித் தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். உன் போனில் வந்த ஒரு வீடியோவில் இருந்துதான். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி பூ மிதக்கிற வெந்நீர்க் கோப்பைக்குள் விரல்களை விட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். வீட்டிலேயே நகத்தை அழகுபடுத்த முதலில் கால்மணி நேரம் ஊற வைக்க வேண்டுமாம். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"எடி ஸ்ரெல்லா, எங்கடை கை ஆறு நாளும் ஊறித்தான் கிடக்குது. எங்களுக்கு ஊற வைக்கிறதில்லை வேலை. காய வைக்கிறது."

அன்றிலிருந்து உன் முறை அதுதான். வந்தவுடன் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி, ஒவ்வொரு விரலாக, நகத்துக்கடியிலும் இடுக்கிலும் ஈரம் இல்லாமல் துவாயால் ஒற்றுவாய். பிறகு சும்மா இருக்கச் சொல்வாய். யன்னலடியில் கையை விரித்து வைத்துக்கொண்டு ஐந்தாறு பெண்கள் ஒரு வேலையும் செய்யாமல் இருப்பதே எங்களுக்குப் பெரிய புதினமாக இருந்தது. அதன்பிறகு நகத்தை நேராக வெட்டுவாய். ஓரத்தைத் தோண்டி வெட்ட விடமாட்டாய். கூர் முனையை மட்டும் தேய்க்கும் தாளால் ஒரே பக்கமாக இழுத்து மழுக்குவாய். முன்னும் பின்னும் அராவினால் நகம் ஏடு ஏடாகப் பிரியும் என்பாய். ஆளாளுக்குச் சொந்த நகவெட்டி கொண்டுவர வேண்டும். கொண்டுவராதவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். ஒருத்தியின் சீழ் மற்றவளுக்குப் போகக்கூடாது என்பதில் உனக்கு இரக்கமே இல்லை.

நகம் முளைக்கிற இடத்தில் இருக்கும் மெல்லிய தோலை நான் ஒருமுறை வெட்டப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாய்.

"அதை வெட்டாதை. அது நகத்துக்குக் கதவு. கதவைக் கழட்டினா கண்ட கிருமியும் உள்ளை வரும்."

தேங்காய் எண்ணெயை ஒரு துளி விட்டு, துவாய் நுனியால் அந்தத் தோலை மெல்லத் தள்ளிவிட்டாய். எங்களோடு நண்டு உடைக்கிற ரீற்றாவின் நகங்கள் மூன்று மாதத்தில் உடையாமல் வளர்ந்தபோது அவள் அதைத் தன் மனுசனுக்குக் காட்ட மாட்டேன் என்று வெட்கப்பட்டாள். அடுத்த ஞாயிறு வந்து, காட்டியதாகச் சொன்னாள். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

பூச்சு கடைசியாகத்தான். அதுவும் பெருநாளுக்கும் கலியாண வீட்டுக்கும். வேலைக்குப் போகுமுன் துடைத்துவிட வேண்டும். கம்பனியின் அந்த விதியை நீ ஒருநாளும் எதிர்க்கவில்லை. "சாப்பாட்டுச் சாமானுக்குள்ளை சாயம் உரிஞ்சு விழக்கூடாது. அது நியாயம். நியாயமில்லாததுக்குத்தான் நான் கதைப்பன்" என்றாய்.

கதைக்கிற நாளும் வந்தது.

கம்பனியில் காலையில் கை பார்ப்பார்கள். வெள்ளை மேலங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு நாங்கள் வரிசையில் நின்று கையை நீட்ட, மேற்பார்வையாளர் பேனா முனையால் விரல்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு போவார். அன்று நான் முன்னுக்கு நின்றேன். என் கை சரி என்று உள்ளே அனுப்பிவிட்டார். எனக்குப் பின்னால் ரீற்றா. அவளுடைய பெருவிரல் வீங்கி மஞ்சள் பிடித்திருந்தது.

"உந்தக் கையோடை உள்ளை வரேலாது. வீட்டிலை துப்புரவாய் இருக்கத் தெரியாதோ உங்களுக்கு?"

ரீற்றா அழத் தொடங்கிவிட்டாள். அடுத்ததாக நின்றவள் நீ.

"சேர், உது வீட்டிலையிருந்து வந்ததில்லை. இஞ்சை வந்தது."

"உம்மை ஆர் கதைக்கச் சொன்னது?"

"ஒருதரும் சொல்லேல்லை. நானாத்தான் கதைக்கிறன். கிளவுஸ் கிழிஞ்சு மூண்டு கிழமை. ஒருத்தி கழட்டினதை மற்றவள் ஈரத்தோடை போடுறம். நீங்கள் ஒவ்வொரு நாளும் எங்கடை நகத்தைப் பாக்கிறியள். ஒருநாள் அந்தக் கிளவுஸைப் பாருங்கோ. ஆளுக்கு ஒரு சோடி தராமல் நான் உள்ளை போகமாட்டன்."

நீ அந்த இடத்திலேயே நின்றாய். கையை மடக்கவும் இல்லை, நீட்டியபடியே நின்றாய். எனக்கு உள்ளே எல்லாம் கேட்டது. கண்ணாடிக்கு அப்பால் உன் தோள் தெரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கதிரையில் இருந்துகொண்டு, கத்தியை எடுத்து, நண்டு உடைத்தேன்.

இதை உனக்கு நான் ஒருபோதும் சொன்னதில்லை. உனக்குத் தெரியும் என்று நினைத்தே சொல்லாமல் விட்டேன். இரண்டு நண்டு உடைத்து முடித்தேன். இரண்டாவது நண்டின் காலை முறிக்கும்போதுதான், என் விரல்கள் வலியில்லாமல் வேலை செய்கின்றன என்பது உறைத்தது. அதற்கு முந்திய ஞாயிறு என் நகத்தில் குத்தியிருந்த கோதுத் துண்டை ஊசியைச் சூடாக்கி எடுத்துவிட்டவள் நீதான். எழும்பி வெளியே வந்தேன். எனக்கு முன்பே நாலு பேர் வந்திருந்தார்கள். எனக்குப் பின்னால் மிச்சப் பேரும் வந்தார்கள்.

நீ என்னைப் பார்த்து, "வந்திட்டியே? தொப்பியைக் கழட்டு, வேர்க்குது" என்றாய்.

உள்ளே நண்டு குவிந்து கிடந்தது. வெளியே இருபத்திரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். பத்து மணிக்கு முகாமையாளர் வந்தார், பேசினார், உறுக்கினார், பிறகு மோட்டார் சைக்கிளில் ஆளை டவுனுக்கு அனுப்பினார். மத்தியானத்துக்கு முன் ஆளுக்கு ஒரு சோடி வந்துவிட்டது. அளவு பெரிதாக இருக்கிறது என்று நீ அதையும் திருப்பிக் கொடுத்தாய். இரண்டு நாளில் சின்ன அளவும் வந்தது.

அதற்கு உன்னைத் தண்டிக்காமல் விடவில்லை. ஐந்து மாதம் கோது அள்ளுகிற இடத்தில் போட்டார்கள். நாற்றமும் ஈயும் நிறைந்த இடம். உன் கை முந்தியைவிட மோசமாக வெட்டுப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எங்கள் கையைப் பார்ப்பதற்கு முன் உன் கையை நாங்கள் பார்ப்போம் என்று ரீற்றா பிடிவாதம் பிடித்தாள். ஐந்து மாதமும் நீ ஒரு ஞாயிறு கூடத் தவறவில்லை. திரும்பவும் மேசைக்கு வந்த நாளில் பழைய கதிரையில் இருந்துகொண்டு, "கதிரையைச் சூடாக்கி வைச்சிருந்தியளே?" என்று கேட்டாய்.

பிறகு அந்தக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். திங்கட்கிழமை வேலையில் இருந்தாய், வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டாய். நாற்பத்து மூன்று வயது. நாங்கள் கோபப்பட ஒரு ஆள் கூட இல்லாமல் போய்விட்டாய். நுளம்போடு எப்படிச் சண்டை பிடிப்பது?

வெள்ளிக்கிழமை காலை உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வெள்ளைச் சேலை, தலைக்குப் பூமுடி எல்லாம் போட்டிருந்தது. சவப்பெட்டிக்காரர் ஒரு சோடி வெள்ளைக் கையுறையை எடுத்து நீட்டினார். உன் அக்கா அதை வாங்கினா.

நான் குறுக்கே நின்றேன். "வேண்டாம் அக்கா."

"எல்லாருக்கும் போடுறதுதானே. போட்டா வடிவாயிருக்கும். கையிலை இருக்கிற வெட்டுக்காயமும் தெரியாது."

"தெரியட்டும்."

"சனம் பாக்கும், ஸ்ரெல்லா."

"பாக்கத்தான் வேணும். அவள் உயிரோடை இருக்கேக்கை மறைக்காத கை. இப்ப நாங்கள் ஏன் மறைப்பான்?"

ரீற்றா என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் உன் விரல்களைத் துவாயால் ஒற்றினேன், எண்ணெய் தடவித் துடைத்தேன், சிவப்புப் பூச்சை எடுத்தேன். உன் விரல்கள் குளிர்ந்து விறைத்திருந்தன. முதல் நகத்தில் பூச்சு தோலுக்கு வழிந்தது. அதை நகத்தால் வழித்துவிட்டு மறுபடி பூசினேன். பின்னால் உன் மாமி ஒருத்தி முணுமுணுத்தா: "செத்த சடலத்துக்குச் சாயமோ? நாளைக்குச் சனம் என்னெண்டு சொல்லும்?"

"நாளைக்கு அவளுக்கு வேலையில்லை மாமி" என்றேன். "துடைக்கத் தேவையில்லை."

உன் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு பெருத்த சத்தமாக அழுதா. பிறகு அவவே செபமாலையை எடுத்து, பூச்சு காயும்வரை பார்த்திருந்து, சிவப்பு நகங்கள் நன்றாகத் தெரிகிற மாதிரி உன் விரல்களில் சுற்றினா. அன்று பின்னேரம் மேற்பார்வையாளர் மலர்வளையத்தோடு வந்தார். உன் கைகளைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருகிறார்கள். போன மாதம் புதிதாக வந்த இரண்டு பெண்களும் வருகிறார்கள். நகவெட்டி கொண்டுவராதவளை நான் திருப்பி அனுப்புவதில்லை, என்னுடையதைக் கொதிநீரில் போட்டுக் கழுவிக் கொடுக்கிறேன். இதற்கு நீ என்னை ஏசுவாய். ஏசிவிட்டுப் போ.

நீ போனதைக் கர்த்தரின் சித்தம் என்று என்னிடம் பலர் சொல்லிவிட்டார்கள். நான் இன்னும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. திருப்பலியில் 'இளைப்பாறுதல்' என்ற சொல் வந்தபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. உன்னை நினைத்தால் எனக்கு அமைதி வருவதில்லை. எழும்பு, எழும்பு என்று முதுகில் ஒரு கைதான் விழுகிறது.

போன கிழமை புதிய பெண் ஒருத்திக்கு நகச்சுற்று வந்தது. கையுறை இருந்தும் வந்தது. அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், சம்பளமில்லாமல். டப்பாவுக்கு லேபல் ஒட்டுகிற மேசை இருக்கிறது, ஈரமில்லாத வேலை, அங்கே அவளை இருத்தலாம். கை ஆறும்வரை எவளையும் அங்கே இருத்த வேண்டும் என்று நாளைக்குக் கேட்கப் போகிறோம். என்ன சொல்ல வேண்டும் என்று இன்று பின்னேரம் எல்லோருமாக இருந்து கதைத்தோம். ஒன்பது பேர் வருவோம் என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். ரீற்றா வருவாள், அது நிச்சயம். மற்றவர்களுக்கு வீட்டில் ஆயிரம் பயம். நான் குறை சொல்லமாட்டேன். உள்ளே இருந்து நண்டு உடைத்தவள் நானும்தான்.

ஆனால் ஒன்பது பேர் வந்தாலும் கேட்பேன். ரீற்றாவும் நானும் மட்டும் என்றாலும் கேட்பேன். அவளுக்கும் நாளைக்குப் பார்த்துக் காய்ச்சல் வந்துவிட்டால், நான் தனியாக நின்று கேட்பேன்.