உன் வகுப்பில் என் சட்டை

என் கண்ணு கமலாவுக்கு,

போன வாரம் உன் கல்லூரிக்குப் போய், அத்தனை பெண்பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து, எனக்கு எதிராக நானே கை தூக்கிவிட்டு வந்தேன். சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, அங்கே எல்லாரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

நீ நின்று பாடம் நடத்திய இடத்தில் இப்போது உன் மாணவி ஆரோக்கியமேரி நிற்கிறாள். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் அரைப்பக்கம்கூட இல்லாததை நீ போராடிக் கேட்டு ஆரம்பித்தாயே, விஷம், ரத்தம், கறை என்று போலீசுக்கு உதவுகிற ரசாயன வகுப்பு, அதையும் அவள் விடவில்லை. அன்றைக்கு மேசைமேல் ஒரு கறைபட்ட சட்டை. அதில் சின்னதாக ஒரு துண்டு வெட்டி, கறைமேல் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். கறை நீலமாகிவிட்டது.

"இது ரத்தம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்றாள். வகுப்பு மொத்தமும் தூக்கியது. கடைசி பெஞ்சில் இருந்த நானும் தூக்கினேன்.

"ஐயா, அது உங்க சட்டை" என்றாள் மேரி.

அது வாழைக்கறை என்று வேறு யாருக்குத் தெரியாமல் போனாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொட்டியத்திலிருந்து நம் மண்டிக்கு லாரியில் வருகிற வாழைத்தார்களைத் தோளில் சுமந்து இறக்கியே தலை நரைத்தவன் நான். ஆனால் அந்த நீலத்தை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். எத்தனை நிச்சயமான நீலம் அது! எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், மருந்தே சாட்சி சொன்னால் மறுத்துப் பேசத் தோன்றுமா?

இதே சங்கதியை நீ முதல்முதலாக வீட்டுக்கு வந்து சொன்ன சாயங்காலம் நினைவிருக்கிறதா? காலையில் கொடியிலிருந்து என் சட்டையை உருவிக்கொண்டு போனாய். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "அப்பா, இன்னிக்கு உங்களைக் கொலைகாரன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் நான்தான் விடுதலை பண்ணேன்" என்றாய். வாழைச்சாறும் ரத்தம் மாதிரியே நீலம் காட்டி அந்த மருந்தை ஏமாற்றுமாம். அதற்குப் பிறகு இன்னொரு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டுமாம். ரத்தமானால் சிவப்பாகப் படிகம் தெரியுமாம், வாழைக்கறையில் தெரியாதாம்.

"முதல் சோதனை வெறும் சந்தேகம்தாம்ப்பா. அதை வச்சு ஒருத்தனைத் தூக்குல போட்டுடக்கூடாது" என்றாய். அன்றுமுதல் வருஷத்துக்கு ஒரு தடவை நான் குற்றவாளி, வருஷத்துக்கு ஒரு தடவை விடுதலை.

உன்னைப் பெண் பார்க்கத் துறையூரிலிருந்து வந்தவர்கள், பெண் என்ன பாடம் நடத்துகிறாள் என்று கேட்டதும், நான் பெருமை பொங்க, "விஷம்ங்க" என்றேன். காப்பி டம்ளர்கள் அப்படியே கீழே இறங்கின. நீ உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கூடம் வரைக்கும் கேட்டது. அடுத்த இடத்தில் ஒழுங்காகப் பேசலாம் என்று இருந்தேன். அதற்குள் அந்தக் காய்ச்சல் வந்துவிட்டது.

நீ போனபிறகு தார் தூக்கத் தெம்பில்லாமல் கல்லாவில் உட்கார்ந்துவிட்டேன். என் சட்டைகள் இப்போது வெள்ளைவெளேர் என்று இருக்கின்றன. இத்தனை வருஷம் என் கறையைத் திட்டிய உன் அம்மா, அதைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை.

போன மாதம் மேரி மார்க்கெட்டுக்கே தேடி வந்தாள். "ஐயா, மேடம் கொண்டுவந்த சட்டை வெட்டி வெட்டித் தீந்துபோச்சு. காலர் மட்டும்தான் மிச்சம். உங்ககிட்ட பழைய சட்டை இருந்தா கொடுங்க. இல்லேன்னா இந்த வருஷம் காலரைத்தான் வெட்டணும்."

காலர் என்றதும் கல்லாவை விட்டு எழுந்துவிட்டேன். சலவைக்குப் போன சட்டை மாறிப் போகிறது என்று, என் பெயரின் முதல் எழுத்தை நீல நூலில் நீ தைத்தது அதில்தானே? கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கும் 'கோ'. உன் புத்தகங்களைக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டோம். புடவைகளை உன் அம்மா பெட்டியில் வைத்திருக்கிறாள். எனக்கென்று நான் எதையும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் லாரி வந்ததும் நானே போய்த் தோளைக் கொடுத்தேன்.

"என்ன முதலாளி, எங்க கூலியை மிச்சம் பிடிக்கிறீங்களா?" என்றான் மாரிமுத்து. வருஷக்கணக்காக எனக்குத் தார் இறக்குபவன்.

"பொண்ணு காலேஜுக்குச் சட்டை வேணும்டா" என்றேன். அவன் சாறு நன்றாகக் கசிகிற தாராகப் பார்த்து என் தோளில் ஏற்றினான்.

நாலைந்து நாள் சுமந்ததில் இடுப்பு போய்விட்டது, சட்டை தயாராகிவிட்டது. உன் அம்மா அதைச் சோப்பில் போடவில்லை. மடித்துப் பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

அந்தச் சட்டைதான் அன்று மேசைமேல் இருந்தது. கடைசியில் பெண்கள் வரிசையாக மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். என்னையும் பார்க்கச் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாததுதான் விடுதலையாம்.

எல்லாரும் போனபிறகு மேரி அலமாரியைத் திறந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்தாள். உள்ளே அந்தக் காலர். நூல் இன்னும் வெளுக்கவில்லை, கமலா.

"இதை இனிமே வெட்ட மாட்டோம் ஐயா. மேடம் ஞாபகமா இங்கேயே இருக்கட்டும்" என்றாள்.

"நல்லதும்மா" என்றேன்.

பஸ் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் நுழைகிற வரைக்கும் கையில் வெறும் பேப்பரை மடித்து மடித்துப் பிடித்திருந்தேன். உன் இடத்தில் உன் பாடம் நடக்கிறது. அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் செய்கிறேன். இடுப்பு ஒத்துழைக்கிற வரைக்கும் வருஷத்துக்கு ஒரு சட்டை உன் வகுப்புக்கு வந்து சேரும். கடைசி பெஞ்சில் நானும் இருப்பேன். அடுத்த தடவை கை தூக்க மாட்டேன்.

மேரியிடம் நல்லதும்மா என்றேனே, அதற்கு முன்னால் என் வாய்வரைக்கும் வந்தது வேறு. "அந்தக் காலரை எனக்குக் கொடுத்துடும்மா."

வருஷா வருஷம் நீ விடுதலை செய்த
உன் அப்பா,
கோவிந்தசாமி