மூன்றாம் கேள்வி

மிசி,

கடையின் பழைய அலுமாரியைக் கறையான் பிடித்துவிட்டது. நேற்று அதை வெறுமையாக்கும்போது மேல் லாச்சிக்குள் உங்கள் அட்டை கிடைத்தது. சத்துமாப் பெட்டியொன்றை வெட்டி நீல மையால் நீங்கள் எழுதியது. ‘எத்தனை மணித்தியாலம் ஆகிறது? வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா? மூன்றாம் கேள்வி இல்லை.’ கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு. மருந்து கொடுக்கும் மேசைக்குப் பின்னால், என் கண்ணில் படும்படி ஒட்டச் சொல்லித் தந்தீர்கள். நானோ லாச்சிக்குள் போட்டு மூடினேன்.

உரும்பிராய்ச் சந்தியில் என் மருந்துக்கடையைக் கடந்துதான் நீங்கள் தினமும் ஸ்கூட்டியில் போவீர்கள். நீங்கள் இந்தப் பகுதியின் குடும்பநல மாது. எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு எப்போது தடுப்பூசி என்பது உங்களுக்கு மனப்பாடம். தலைக்கவசத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று, "அண்ணை, பஞ்சு இருக்கோ?" என்று கேட்பீர்கள். பஞ்சை வாங்கிவிட்டு ஊர்ப் புதினம் ஒன்றும் கதைக்காமல் போய்விடுவீர்கள். அதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறைகூட இருந்தது.

அட்டையைத் தந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நீங்கள்தான் கூட்டினீர்கள். வாசிகசாலை மண்டபத்தில் எங்கள் ஊர், உடுவில், அரியாலை மூன்றிலிருந்தும் மருந்துக்கடைக்காரர், மற்ற இரண்டு மிசிமார், ஒரு டொக்டர் அம்மா. தேநீரும் வாய்ப்பனும் வந்தபிறகு அவசரக் கருத்தடைக் குளிசையைப் பற்றிக் கதையை எடுத்தீர்கள். மண்டபத்தில் பாதிப்பேர் வாய்ப்பனைப் பார்த்தோம்.

"எங்கடை ஊர்ப் பிள்ளை எங்கடை கடைக்கு வராது. உரும்பிராய்ப் பிள்ளை அரியாலைக்குப் போகும், அரியாலைப் பிள்ளை உடுவிலுக்கு வரும். அதாலை ஒரு கடை மட்டும் திருந்திப் பிரயோசனமில்லை. எல்லாக் கடையும் ஒரே மாதிரி இருக்கவேணும்" என்றீர்கள். அட்டையில் உள்ள இரண்டுக்குமேல் கேள்வி கேட்காமல் கொடுப்பது, ஒரு கடையில் குளிசை தீர்ந்துபோனால் அடுத்த கடைக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்வது, சந்தேகம் வந்தால் டொக்டரிடம் கேட்பது. நீங்கள் கேட்டது இவ்வளவுதான்.

"உது கருவைக் கலைக்கிற மருந்தெல்லோ?" என்று நான்தான் கேட்டேன். இத்தனை வருடம் மருந்து விற்றவன் கேட்கக்கூடாத கேள்வி. டொக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார்: "இல்லை. கரு தங்க முதல் மறிக்கிற மருந்து. தங்கினாப் பிறகு உது ஒண்டும் செய்யாது. அதுதான் நேரம் முக்கியம், மூண்டு நாளுக்குள்ளை, முந்தினால் முந்தினது நல்லது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தொழிலில் நான்தான் மூத்தவன். நான் ஓம் என்றால் மற்றவர்களும் ஓம் என்றிருப்பார்கள். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். உங்கள் முகம் சுருங்கியதைக் கண்டும் வேட்டியை உதறிக்கொண்டு எழும்பினேன். மானம் மரியாதை என்று வாய்க்குள் ஏதோ முணுமுணுத்ததும் நினைவிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, மிசி.

ஒரு மாதம் போயிருக்கும். மத்தியான வெயிலில் ஒரு பிள்ளை வந்தாள். தலைக்கவசம், வாயை மறைத்த துணி, கண் மட்டும் தெரிந்தது. குளிசையின் பெயரை ஒரு துண்டில் எழுதி மேசையில் வைத்தாள். எடுத்துக் கொடுக்கத்தான் திரும்பினேன். கையில் பெட்டியும் வந்துவிட்டது. ஆனால் நம் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டே, புது முகம் கண்டால் யார் பெற்ற பிள்ளை, கிளை எது, வேர் எது என்று தோண்டாமல் விடமாட்டோம். அன்பாகத்தான் கேட்டேன், சத்தியமாக அன்பாகத்தான்.

"பிள்ளை, நீர் ஆற்றை மகள்?"

அவள் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஸ்கூட்டி உடனே இயங்கவில்லை. இரண்டு மூன்று தரம் உதைத்தாள். ஓடிப்போய்க் கொடுக்க நேரம் இருந்தது. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒருநாள் நீங்கள் வந்தீர்கள். பஞ்சு கேட்கவில்லை. அந்தப் பிள்ளை நாள் தள்ளிப்போனபிறகு உங்களிடம் வந்திருக்கிறாள். "மருந்து கேட்டு வந்தவளிட்டைச் சாதகம் கேட்டிருக்கிறியள், அண்ணை" என்றீர்கள். "வேறை கடைக்கும் போகப் பயந்திட்டாள், நீங்கள் வீட்டுக்குச் சொல்லிப்போடுவியள் எண்டு. கம்பசுக்கு எடுபட்ட பிள்ளை. இப்ப அவசரமாக் கலியாண எழுத்து வைச்சுப்போட்டினம். இனிப் படிக்க விடமாட்டினமாம்." நீங்கள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கத்தவில்லை.

அடுத்த கூட்டத்தை நானே கூட்டினேன். அதற்குள் நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில். உங்கள் கதிரை வெறுமையாக இருக்க, எல்லோருக்கும் முன்னால் நான் ஓம் சொன்னேன். அடுத்தநாள் உங்களைப் பார்க்க வந்து அதைச் சொன்னபோது மெலிந்த கையால் என் கையைத் தட்டினீர்கள். அந்த உற்சாகத்தில் நான் கேட்டேன்: "மிசி, அந்தப் பிள்ளையிட்டை ஒருக்கால் மன்னிப்புக் கேக்கவேணும். அவள் ஆற்றை மகள்?"

நீங்கள் கண்ணை மூடிச் சிரித்தீர்கள். "திரும்பவும் உதே கேள்விதானே, அண்ணை."

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு மாரி கடந்துவிட்டது. கடைகள் எல்லாம் சேர்ந்து கைத்தொலைபேசியில் ஒரு குழு வைத்திருக்கிறோம். ‘இருக்கு’, ‘இல்லை’ என்ற இரண்டு சொல்லுக்குமேல் அதில் யாரும் எழுதுவதில்லை. வலிப்புக்கும் காசத்துக்கும் மருந்து எடுப்பவர்களை டொக்டர் அம்மாவிடம் அனுப்புகிறோம். தென்மராட்சிக் கடைகளும் இப்போது சேரக் கேட்கின்றன. எல்லாம் நீங்கள் சொன்னபடிதான் நடக்கிறது, அந்த ஒருத்திக்குத்தான் உதவவில்லை.

கைக்குழந்தையோடு காய்ச்சலுக்குப் பாணி மருந்து வாங்க இளம் தாய்மார் வருகிறார்கள். அவர்களில் ஒருத்தி அவளாக இருக்கலாம். கண்களைப் பார்க்கிறேன், தெரியவில்லை. எவளிடம் தலைகுனிவது என்று தெரியாததால் எல்லோரிடமும் கொஞ்சம் தணிந்தே கதைக்கிறேன். கேள்வி இன்னமும் நாக்குவரை வருகிறது, மிசி. நேற்று அட்டையை ஒட்டிவிட்டேன். அதைப் பார்த்து விழுங்கிக்கொள்கிறேன்.